ஒரு காசில் இரண்டு ஆண்டுகள்: அலெக்சாந்திரியக் காசு ஒன்றின் ஆய்வு

காசு கைக்கு வந்தபோது அதனுடன் பழுப்பேறிய சிறு காகித உறை ஒன்றும் வந்தது. அதன்மேல் பென்சிலில் இப்படி எழுதியிருந்தது: "ஆரேலியன். அலெக்சாந்திரியா. ஆண்டு 4. பின்பக்கம் தெய்வத்தின் மார்பளவு உருவம், தேய்ந்தது." ஆரேலியன் கி.பி. மூன்றாம் நூற்றாண்டு ரோமானியப் பேரரசர்; அலெக்சாந்திரியா அவர் ஆட்சியிலிருந்த எகிப்தின் பெருநகர். லண்டனில் நடந்த நாணயக் கண்காட்சி ஒன்றில், ஒரே தட்டில் கிடந்த ஏழு எகிப்தியக் காசுகளை மொத்தமாக வாங்கியிருந்தேன். மற்ற ஆறும் நன்றாகத் தெரிந்த காசுகள். இந்த ஏழாவதன்மேல் விற்றவருக்கும் அக்கறை இல்லை, எனக்கும் அன்று அக்கறை இல்லை. எடை 9.3 கிராம், விட்டம் 20 மில்லிமீட்டர். தலைப்பக்கத்தில் பாதி, பின்பக்கத்தில் முக்கால் பங்கு, பச்சையும் பழுப்புமான களிம்பு மூடியிருந்தது.

உறையில் எழுதியிருந்தது தவறு. அந்தத் தவறு ஒரே ஓர் எழுத்தைப் படித்ததில் நேர்ந்தது. அந்த எழுத்து மாறியதும் காசின் கதை முழுவதும் மாறிவிட்டது. எப்படி என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். எகிப்தின் ரோமானியக் காசுகளைச் சேர்ப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒரு நாள் இதே எழுத்தில் தடுக்கி நிற்பார்கள்.

எகிப்துக்குள் மட்டும் ஓடிய பணம்

கி.மு. 30இல் கிளியோபாத்ரா இறந்து எகிப்து ரோமின் கைக்குப் போனது. ஆனாலும் அந்த நாட்டுப் பணம் ரோமின் பணமாகிவிடவில்லை. கிளியோபாத்ராவின் முன்னோரான தாலமி அரசர்கள் வைத்த வழக்கம் தொடர்ந்தது. வெளிநாட்டுக் காசு உள்ளே செல்லாது. துறைமுகத்தில் இறங்கும் வணிகர் தம் பணத்தைக் கொடுத்து எகிப்தியப் பணமாக மாற்றிக்கொள்ள வேண்டும். கி.மு. 258இல் காசு அடிக்கும் அக்கசாலையின் பொறுப்பிலிருந்த தெமெத்ரியஸ் என்பவர், நிதியமைச்சர் அப்பொல்லோனியஸுக்கு எழுதிய பாப்பிரஸ் (நாணல் தாள்) கடிதம் கிடைத்திருக்கிறது. வெளிநாட்டார் கொண்டுவரும் பொற்காசுகளை உருக்கி மறுபடி அடிப்பதில் உள்ள சிக்கல்களை அதில் அவர் முறையிடுகிறார். ரோமானியர்கள் இந்த மூடிய பண முறையை அப்படியே எடுத்துக்கொண்டு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார்கள்.

அகஸ்டஸ் அங்கே வெண்கலக் காசு மட்டுமே அடித்தார். டைபீரியஸ்தான் தம் ஏழாவது ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 20-21இல், டெட்ராடிராக்மாவை மீண்டும் தொடங்கினார். நான்கு திராக்மா மதிப்புள்ள காசு என்பது அந்தப் பெயரின் பொருள். செம்பில் வெள்ளி கலந்த அந்தக் காசு ஒன்று ரோமின் ஒரு தினாரியஸுக்குச் சமமாகக் கணக்கிடப்பட்டது. நீரோ காலத்தில் அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வெள்ளி இருந்தது. என் காசின் காலத்துக்குள் அது நூற்றுக்குச் சில பங்காகச் சுருங்கிவிட்டது. கையில் எடுத்தால் செம்புக்காசு என்றே தோன்றும். மக்கள் அதை உணராமல் இல்லை. கி.பி. 260இல் ஆக்சிரிங்கஸ் நகரத்துப் பணமாற்றுக் கடைக்காரர்கள் பேரரசர்களின் காசை வாங்க மறுத்துக் கடையைச் சாத்திவிட்டார்கள். கடையைத் திறக்க வேண்டும், கள்ளக்காசு தவிர எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்று அந்த வட்டார அதிகாரி பிறப்பித்த ஆணை பாப்பிரஸில் இருக்கிறது. அந்த ஆணைக்குப் பத்து ஆண்டுகள் கழித்து அடிக்கப்பட்ட காசுதான் என் மேசைக்கு வந்தது.

முதலில் ஆண்டைப் படி

எனக்கு இந்தக் காசுகளைக் கற்றுக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெடுங்காலமாக லண்டனில் வாழும் ஒரு பெரியவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாளே அவர் சொன்னது: "தம்பி, முதலில் ஆண்டைப் படியுங்கள். முகம் எங்கும் போய்விடாது."

அலெக்சாந்திரியக் காசுகளின் தனிச்சிறப்பே இதுதான். ரோமில் அடித்த காசுகளில் பேரரசரின் பட்டங்களை எண்ணிப் பார்த்துத்தான் காலத்தை ஊகிக்க வேண்டும். அலெக்சாந்திரியாவிலோ ஆட்சியாண்டை நேராகவே எழுதிவிட்டார்கள். ஆங்கில 'எல்' போன்ற ஒரு குறி, அடுத்து ஒரு கிரேக்க எழுத்து. அந்தக் குறி எழுத்து அன்று. 'ஆண்டு' என்பதற்கான எகிப்தியச் சுருக்கம். நாம் பழைய பத்திரங்களில் பார்க்கும் '௵' போல என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து வருவது எண். ஆல்ஃபா 1, பீட்டா 2, காமா 3, டெல்டா 4, எப்சிலான் 5 என்று போகும். ஒன்பதாம் ஆண்டுக்கு மட்டும் தீட்டா எழுத்தைத் தவிர்த்து, 'ஒன்பதாவது' என்ற கிரேக்கச் சொல்லையே பல காசுகளில் முழுமையாகப் பொறித்தார்கள். மரணத்தைக் குறிக்கும் 'தானதோஸ்' என்ற சொல்லின் முதலெழுத்து தீட்டா என்பதால் அப்படிச் செய்தார்கள் என்பது சேகரிப்பாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் விளக்கம்.

ஆண்டுக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. எகிப்தியப் புத்தாண்டு தோத் மாதம் முதல் நாள், அதாவது ஆகஸ்ட் 29. (நாள் மிகும் ஆண்டை அடுத்து 30.) ஒரு பேரரசர் எப்போது அரியணை ஏறினாலும், அடுத்து வரும் ஆகஸ்ட் 28 வரை அவருக்கு முதலாம் ஆண்டு, மறுநாளே இரண்டாம் ஆண்டு பிறந்துவிடும். வெஸ்பேசியனை அலெக்சாந்திரியாவில் பேரரசராக அறிவித்தது கி.பி. 69 ஜூலை 1. எனவே அவருடைய முதலாம் ஆண்டுக்கு அங்கே இரண்டு மாதத்துக்கும் குறைவான ஆயுள்தான். கால்பா ஆட்சியில் இருந்தது மொத்தம் ஏழு மாதம். ஆனால் அவருடைய அலெக்சாந்திரியக் காசுகளில் 1 என்றும் வரும், 2 என்றும் வரும். இந்தக் கணக்கு மனத்தில் ஊறினால், ஒரு காசை எடுத்துக் காட்டினாலே அது எந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் அடிக்கப்பட்டது என்று சொல்லிவிட முடியும். பழங்காசு உலகில் இப்படிப்பட்ட கொடை எளிதில் கிடைக்காது. சேகரிப்பவர்கள் பலர் ஸ்பிங்ஸையும் முதலைமேல் சாய்ந்த நைல் தெய்வத்தையும் ஃபாரோஸ் கலங்கரை விளக்கத்தையும் தேடி ஓடிவிட்டு ஆண்டைக் குறித்துக்கொள்ளாமல் விடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் வரும்.

இந்தக் காசிலும் நான் ஆண்டைத்தான் முதலில் தேடினேன். தேடியது பின்பக்கத்தில். மூன்றாம் நூற்றாண்டு டெட்ராடிராக்மாக்களில் ஆண்டு பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். தலைப்பக்கத்தில் பேரரசரின் பெயரும் பட்டமும் மட்டும் இருப்பது வழக்கம். இங்கே பின்பக்கம் களிம்பு, ஒன்றும் தெரியவில்லை. தலைப்பக்கத்தில், உருவத்தை ஒட்டிய வெற்றிடத்தில், அந்த 'எல்' குறி தெளிவாக நின்றது. பக்கத்தில் முக்கோணம் போன்ற ஓர் எழுத்து. விற்றவர் அதை டெல்டா என்று படித்து 'ஆண்டு 4' என்று எழுதியிருக்கிறார். நானும் அப்படியே படித்தேன். உறையில் இருந்ததை என் குறிப்பேட்டிலும் ஏற்றிவிட்டேன். ஆண்டுக் குறி வழக்கமில்லாத பக்கத்தில் இருக்கிறதே என்று அப்போதே நின்றிருக்க வேண்டும். நிற்காமல் போனது என் தவறு. மூன்று வாரம் கழித்துத்தான், வேறொரு காசை அட்டவணைப்படுத்தும்போது அந்தக் கேள்வி எழுந்தது.

புளி கூடாது

கேள்வி எழுந்ததும் களிம்பை நீக்கும் வேலை. நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பது போலப் பழங்காசையும் தேய்த்துவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அமிலம். வெள்ளி குறைந்த இந்தக் கலவையில் களிம்பும் மேற்பரப்பும் பல நூற்றாண்டுகளாக ஒன்றோடொன்று பிணைந்துவிட்டவை. அமிலம் களிம்போடு எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மிஞ்சுவது புழு அரித்தது போன்ற செம்பு வட்டுதான்.

வாலைவடிநீரில் ஊறவைத்தேன். இரண்டு நாளுக்கு ஒரு முறை நீரை மாற்றினேன். ஈரம் இருக்கும்போதே மூங்கில் பல்குச்சியின் நுனியால், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸின் கீழ், துளித்துளியாகக் கிளறினேன். ஆறு வாரம் ஆனது. அவசரப்பட்டிருந்தால் ஒரு மாலையில் முடித்துக் காசையும் கெடுத்திருப்பேன்.

அந்த ஆறு வாரத்தில் விளிம்பையும் பார்த்து வைத்தேன். அலெக்சாந்திரியாவில் வட்டுகளை அச்சில் வரிசையாக வார்த்து, பிறகு வெட்டிப் பிரித்துத்தான் முத்திரை அடித்தார்கள். அதனால் விளிம்பில் ஓரிடத்தில் வெட்டுத்தடம் இருக்கும். ஒரு பக்கம் சற்றே சரிந்தும் இருக்கும். இந்தக் காசில் இரண்டும் இருந்தன. வார்ப்புப் போலிகளில் காணும், விளிம்பைச் சுற்றி ஓடும் இணைப்புக்கோடு இல்லை. காசு உண்மையானது என்பதில் ஐயம் தீர்ந்தது.

ஆல்ஃபாவா, டெல்டாவா

தலைப்பக்கம் முதலில் தெளிந்தது. எழுத்து வரி இப்படித் தொடங்கியது: ஆல்ஃபா, கப்பா, லாம்டா, டெல்டா, பிறகு 'ஆரேலியானோஸ்'. ஆட்டோக்ரட்டோர் கைசார் லூசியஸ் தொமித்தியஸ் என்பதன் முதலெழுத்துகள் அவை; முதல் இரண்டும் பட்டங்கள், அடுத்தவை ஆரேலியனின் பெயர்கள். நான் வியந்து நின்ற இடம் இதுதான். எனக்குத் தேவையான சான்று அந்த வரியிலேயே இருந்தது. முதலெழுத்து ஆல்ஃபா, நான்காம் எழுத்து டெல்டா. இரண்டையும் செதுக்கியது ஒரே கை, ஒரே உளி. ஆண்டெழுத்தை வேறு எந்தப் படத்தோடும் ஒப்பிடத் தேவையில்லை. இந்த இரண்டோடு ஒப்பிட்டால் போதும்.

பள்ளி நாள்களில் நாம் எல்லோரும் செய்ததையே செய்தேன். மெல்லிய தாளைக் காசின்மேல் வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்தேன். இதைச் சிறுபிள்ளை வேலை என்று நினைக்க வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் வாழ்ந்த இத்தாலியர் ஜொவான்னி தாத்தாரி தம் மாபெரும் அலெக்சாந்திரியச் சேகரிப்பை இப்படித்தான் பென்சில் பதிவுகளாக எடுத்து வைத்தார். அவர் காசுகள் பிற்பாடு உலகெங்கும் சிதறின. அந்தத் தாள்கள் இன்றும் ஆய்வாளருக்குச் சான்றாக இருக்கின்றன.

தாளில் மூன்று எழுத்துகளும் பதிந்தன. வரியிலுள்ள டெல்டாவுக்கு அடிக்கோடு கால்களின் முனையை மூடி நின்றது. வரியிலுள்ள ஆல்ஃபாவின் குறுக்குக்கோடோ நடுவில் இல்லாமல் தாழ்ந்து கிடந்தது. ஆனால் அதற்குக் கீழே இரு கால்களும் சற்று நீண்டிருந்தன. ஆண்டெழுத்திலும் கால்கள் நீண்டிருந்தன. கால்களுக்கிடையே களிம்பு அடைந்து கிடந்ததால்தான் அது மூடிய முக்கோணமாகத் தெரிந்திருக்கிறது. ஆண்டு 4 அன்று, ஆண்டு 1.

ஆரேலியனின் முதலாம் ஆண்டு, அதுவும் தலைப்பக்கத்தில். அப்படியானால் மறுபக்கத்தில் இருப்பது தெய்வமாக இருக்க வாய்ப்பில்லை என்று அப்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்னும் இரண்டு வாரம் பொறுத்தேன். பின்பக்கத்தில் முதலில் வெளிப்பட்டது தலைக்குப் பின்னால் தொங்கும் பட்டநாடாவின் இரு முனைகள். அடுத்து மீசை தாடி இல்லாத இளமுகம். அடுத்து எழுத்துகள்: ஓமிக்ரான், உப்சிலான், ஆல்ஃபா, பீட்டா. எந்தத் தெய்வத்தின் பெயரும் அப்படிப் போகாது. 'ஊவாபல்லாத்தோஸ்' என்பதன் தொடக்கம் அது; வபல்லாத்தஸ் என்ற பெயரின் கிரேக்க வடிவம். உருவத்துக்கு அருகே மற்றோர் ஆண்டுக் குறி. அதன் பக்கத்தில், அடிக்கோடு முழுமையாக மூடிய, ஐயத்துக்கே இடமில்லாத டெல்டா.

பேரரசருக்கு ஆண்டு 1. சிறுவனுக்கு ஆண்டு 4. ஒரே காசு.

அந்தச் சிறுவன்

வபல்லாத்தஸ், சிரியப் பாலைவன நகரான பல்மைராவின் அரசன் ஒடேனாத்தஸின் மகன். தந்தை 267-268 வாக்கில் கொலையுண்டபோது அவன் சின்னஞ்சிறுவன். ஆட்சியை நடத்தியவள் தாய் செனோபியா. அவன் பெயரின் பொருள் 'அல்லாத் தேவியின் கொடை'. கிரேக்கர்கள் அல்லாத்தை அதீனாவாகக் கண்டதால் காசில் 'அதெனொதோரஸ்' என்ற பெயரும் சேர்ந்து வருகிறது; அதுவும் 'அதீனாவின் கொடை' என்ற அதே பொருள்தான். 270இல் செனோபியாவின் தளபதி சப்தாஸ் எகிப்துக்குள் படையோடு நுழைந்தான். எதிர்த்து நின்ற ஆளுநர் தெனாகினோ புரோபஸ் தோற்று உயிரிழந்தார். அலெக்சாந்திரியாவின் அக்கசாலை பல்மைராவின் கைக்கு வந்தது.

அந்த எகிப்திய ஆண்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அது 270 ஆகஸ்ட் 29 அன்று பிறந்தது. அந்த ஓர் ஆண்டுக்குள் அதே அக்கசாலை அப்போதைய பேரரசர் இரண்டாம் கிளாடியஸுக்கு மூன்றாம் ஆண்டுக் காசும், அவர் இறந்ததும் தம்பி குயின்டில்லஸுக்கு முதலாம் ஆண்டுக் காசும், அவரும் மறைந்ததும் ஆரேலியனுக்கு முதலாம் ஆண்டுக் காசும் அடித்தது. அச்சு செதுக்குபவனின் உளி ஓயாத ஆண்டு அது.

புதிய பேரரசரை எதிர்த்துக்கொள்ள செனோபியா அப்போது விரும்பவில்லை. ஆரேலியனின் உருவத்தை வைத்தாள்; 'செபாஸ்தோஸ்' என்ற பேரரசுப் பட்டத்தை அவருக்கே விட்டாள். மகனுக்கு வேறு பட்டங்களைச் சுருக்கெழுத்தில் பொறித்தாள்: ரோமின் உயர்பதவியான கான்சலின் தகுதி, ஆட்டோக்ரட்டோர் (படைத்தலைமைப் பட்டம்), ரோமானியரின் தளபதி. தலையில் பேரரசுத் தளபதிக்குரிய வாகை மாலையும் இருக்கிறது, கீழ்த்திசை அரசனுக்குரிய பட்டநாடாவும் இருக்கிறது. பணிவும் உரிமைக்குரலும் ஒருசேர நிற்கும் காசு இது. என் பார்வையில் அந்த உரிமைக்குரலை மிகுந்த துணிவோடு எழுப்புவது ஆண்டெழுத்துதான். தந்தை இறந்த நாளிலிருந்து மகனின் ஆட்சியை எண்ணிவந்து 4 என்று பொறித்திருக்கிறாள். பேரரசரோ நேற்று வந்தவர்; அவருக்கு 1. கையில் வாங்கிய எகிப்தியர் ஒவ்வொருவரும் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்திருப்பார்கள்.

அடுத்த ஆண்டு அதே ஏற்பாடு 2 என்றும் 5 என்றும் தொடர்ந்தது. 272இல் எல்லாம் உடைந்தது. ஆரேலியன் படையோடு கிழக்கே வந்தார். அலெக்சாந்திரியாவில் ஆரேலியனின் முகம் காசிலிருந்து நீங்கியது. ஐந்தாம் ஆண்டுக் குறியோடு வபல்லாத்தஸ் தனியாக, இப்போது செபாஸ்தோஸ் பட்டத்தோடு வந்தான். செனோபியாவும் தன் பெயரில் காசு அடித்தாள். அது இன்று மிக மிக அரியது. அந்தியோக்கியா அருகிலும் எமேசாவிலும் பல்மைராவின் படை தோற்றது, செனோபியா பிடிபட்டாள், எகிப்து மீண்டும் ஆரேலியனின் கைக்குப் போனது. அதன் பிறகுதான் ஆரேலியனின் உண்மையான 'ஆண்டு 4' காசுகள் வருகின்றன. பல்மைராவின் சுவடே இல்லாத, பேரரசர் ஒருவரை மட்டும் அறிந்த காசுகள் அவை. உறையில் எழுதியவர் என் காசைக் கொண்டுபோய் அந்த வரிசையில் வைத்திருந்தார். ஓர் அடிக்கோட்டின் பிழையால் ஒரு சிறுவனின் அரசு முழுவதும் அழிந்துபோயிருந்தது.

எல்லாம் முடிந்த பின்னும் அந்த அக்கசாலை கால் நூற்றாண்டுக்கு டெட்ராடிராக்மா அடித்தது. 296ஐ ஒட்டி தியோக்லேஷியனின் சீர்திருத்தம் எகிப்தின் தனிப் பணத்தை முடித்துவைத்தது. மறு ஆண்டு கலகம் செய்த தொமித்தியஸ் தொமித்தியானஸ் பழைய முறையில் கடைசியாகச் சில காசுகள் அடித்தான், அவற்றோடு சரி.

நம் கரைக்கு வராத காசு

நண்பர்கள் அடிக்கடி கேட்பது: கரூரிலும் புதுக்கோட்டையிலும் ரோமானியக் காசு கிடைத்ததே, அவற்றில் இது உண்டா? தமிழகப் புதையல்களில் பெரும்பாலும் வருவது பேரரசின் தங்க ஆரியஸும் வெள்ளித் தினாரியஸும்தான். எகிப்திய டெட்ராடிராக்மா அதன் எல்லைக்குள்ளேயே சுற்றுவதற்காக அடித்த காசு. ஆனால் நம் மிளகு அந்தப் பணத்தில் எண்ணப்பட்டது. முசிறியிலிருந்து ஹெர்மப்பொல்லோன் என்ற கப்பல் கொண்டுவந்த சரக்குக் கணக்கு, வியன்னாவில் உள்ள இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்றில் இருக்கிறது. அதில் வரும் தொகை 1,154 தாலந்து, 2,852 திராக்மா. ஒரு தாலந்துக்கு ஆறாயிரம் திராக்மா என்று பெருக்கினால் ஏறத்தாழ எழுபது லட்சம் திராக்மா. அந்தத் திராக்மா என் மேசையில் கிடக்கும் காசுகளின் திராக்மாவேதான். அன்று அதில் வெள்ளி கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். செங்கடல் கரையில் பெரெனிகேயிலும் குசைர் அல்-கதீமிலும் தமிழ்ப் பிராமி பொறித்த பானை ஓடுகளை விட்டுச்சென்றவர்களும் கடைத்தெருவில் இந்தப் பணத்தைத்தான் எண்ணிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கும்போது, களிம்பு கிளறிய ஆறு வாரமும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இந்தக் காசு எங்கிருந்து, எப்போது வெளிவந்தது என்று விற்றவரால் சொல்ல முடியவில்லை. எகிப்தில் தொல்பொருள் வணிகம் 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டத்தோடு நின்றுவிட்டது. அதற்கு முன் உரிமம் பெற்ற கடைகள் கெய்ரோவிலேயே இருந்தன. உறையின் பழுப்பும் பென்சில் எழுத்தின் பாணியும் அந்தக் காலத்தைக் காட்டுவது போல் இருக்கின்றன. அது சான்றாகாது. அதன் பிறகு, பழைய ஏலப் பட்டியலோ ரசீதோ இல்லாத எகிப்தியக் காசு எதையும் நான் வாங்கவில்லை. அண்ணனும் அதைத்தான் முன்பே சொல்லியிருந்தார்.

காசுக்குப் புதிய சீட்டு எழுதினேன்: "ஆரேலியன், ஆண்டு 1, வபல்லாத்தஸ், ஆண்டு 4. அலெக்சாந்திரியா, 270-271. 9.3 கிராம். அச்சு நிலை 12 மணி." (இரு பக்கத்து உருவங்களும் ஒரே பக்கம் தலை நிமிர்ந்திருக்கின்றன என்பது கடைசிக் குறிப்பின் பொருள்.) பெட்டியில் கிளாடியஸின் மூன்றாம் ஆண்டுக்கும் ஆரேலியனின் நான்காம் ஆண்டுக்கும் நடுவே இடம் ஒதுக்கினேன். அதை ஒட்டி 2-5க்கான குழி இன்னும் காலியாக இருக்கிறது. பழைய உறையைத் தூக்கி எறியவில்லை. மடித்து, பென்சில் பதிவுத் தாளோடு சேர்த்து, காசுக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன்.